ஜப்பானியர் வைத்துவிட்டுப் போன பெட்டி

ஆள் நல்லவரா கெட்டவரா என்று தீர்மானிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும் என்று பெருமையடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தின் முடிவில் பெரும்பாலும் கெட்டவர் என்றுதான் தீர்ப்பாகும். எழுபத்து நாலாம் ஆண்டின் தொடக்கத்தில் சிட்னியில் வந்து இறங்கியபோது இரண்டு கம்பளிச் சட்டைகளையும் என் இரசாயனப் பட்டத்தையும் இந்தத் திறமையையும்தான் கொண்டுவந்திருந்தேன். மனைவியும் மூன்று வயது மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஓர் அறை கிடைத்தது. இன்று அங்கே இறங்கினால் தோசை மணக்கிறது. கடைக் கண்ணாடியில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அன்று ஒரு மீன் பொரியல் கடையும் ஒரு மருந்துக்கடையும் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை. வீட்டுக்கார அம்மாள் நான் சமைக்கக் குசினிக்குள் போனால் உடனே ஜன்னலைத் திறந்துவிடுவார். காற்றுக்குத்தான் என்பார். நான் நம்பியதில்லை.

வேலை பரமட்டாவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில். அந்தக் காலத்தில் இந்த நாட்டு நிலக்கரி கப்பல் கப்பலாக ஜப்பானுக்குப் போய்க்கொண்டிருந்தது. விற்கிறவர்கள் தாங்களே பரிசோதித்து ஒரு கணக்குச் சொல்லுவார்கள். வாங்குகிறவர்கள் வேறொன்று சொல்லுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதே நிலக்கரியில் எடுத்து முத்திரை வைத்த மூன்றாவது டின் எங்களிடம் வரும். நாங்கள் நடுவர்கள். ஒரு கிராம் நிலக்கரித் தூளைக் கிண்ணத்தில் நிறுத்து, உலையில் வைத்து எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுத்துப் பார்ப்பது என் வேலை. சாம்பல் கூடினால் நிலக்கரிக்கு விலை குறையும். ஒரு சிட்டிகைச் சாம்பலுக்காக இரண்டு பெரிய கம்பனிகள் கடிதம் எழுதிச் சண்டை பிடிக்கும்.

பன்னிரண்டு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். குடும்பத்தைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பத்தோடு, வேலை நிரந்தரம் என்ற கடிதத்தையும் சேர்க்கவேண்டியிருந்தது. அந்த ஒரு கடிதம் வரும்வரை என் மகள் என்னைப் படத்தில்தான் பார்ப்பாள். ஆகவே அந்த ஆய்வுகூடத்தில் நான் இருமுவதற்குக்கூட யோசித்தேன்.

அந்த ஆய்வுகூடத்தில் எல்லாரும் என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். அவர்கள் பேச்சை என் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன். அப்படித்தான் அது எனக்குள் பதிந்து கிடக்கிறது.

மேலாளர் ஐம்பது வயதைத் தாண்டிய ஆள். இளமையில் போருக்குப் போய் ஜப்பானியரிடம் பிடிபட்டு மூன்று வருடம் முகாமில் கிடந்தவர். இதை அவர் சொன்னதில்லை. தேத்தண்ணி கொண்டுவரும் அம்மாதான் எனக்குச் சொன்னார். அந்த வருடம் ஒரு ஜப்பானியச் சிப்பாய், போர் முடிந்ததை நம்பாமல் முப்பது வருடத்துக்குக் கிட்டக் காட்டுக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தார். உலகமெல்லாம் அந்தச் செய்தியைப் படித்து வியந்தது. மேலாளர் பத்திரிகையைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார்.

“பாத்தீரா? இவங்களுக்குச் சண்டை இன்னும் முடியேல்லை. அவங்கட ஆள் இஞ்ச வந்து நிக்கேக்க கவனமா இரும்.”

நான் தலையாட்டினேன். எனக்கு அந்தப் புத்திமதி தேவையே இல்லை. அவங்கட ஆளை நான் ஏற்கெனவே கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாங்குகிற கம்பனியின் பிரதிநிதியாக, இந்த மூன்றாவது டின் ஒவ்வொன்றும் திறக்கப்படும்போது ஒரு ஜப்பானியர் வந்து நிற்பார். நாற்பது வயதிருக்கும். கோடையிலும் கோட்டைக் கழற்றமாட்டார். முத்திரையைக் குனிந்து பார்ப்பார். நான் நிறுக்கும்போது இரண்டடி தள்ளி நின்று, ஒரு சின்னக் கொப்பியில் ஏதோ எழுதுவார். நான் வெறும் கிண்ணத்தை நிறுத்தாலும் எழுதுவார். கை கழுவினாலும் எழுதுவதாகவே எனக்குப் பட்டது. போகும்போது எல்லாருக்கும் ஒரு குனிவு. என் முறை வரும்போது கொஞ்சம் கூடக் குனிகிறாரோ என்று எண்ணி, அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று ரயிலில் போகும் வழியெல்லாம் மண்டையைக் குழப்புவேன்.

ஒருநாள் உலை சூடேறக் காத்திருந்தபோது அவர் பேச்சுக் கொடுத்தார். மனைவி ஒசாக்காவில் இருப்பதாகச் சொன்னார். எண்ணெய் விலை ஏறியபோது, கடதாசி கிடைக்காமல் போகப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரு கதை பரவிவிட்டதாம்.

“என்ர மனுசி கக்கூசுக் கடதாசிக்கு ரெண்டு மணித்தியாலம் வரிசையில நிண்டவ. வீட்டில ஒரு அலுமாரி நிறைய அதுதான் இருக்குதாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ர மனுசி பாணுக்கு வரிசையில நிக்கிறா. விடியமுன்னம் போகாட்டில் கிடையாது,” என்றேன். அந்த நாட்களில் எங்கள் நாட்டில் பாண் என்கிற ரொட்டி சுட மாவும் இல்லை, சோற்றுக்கு அரிசியும் இல்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“பிள்ளைக்குப் பால்மா கிடைக்குதோ?” என்று கேட்டார். சில நேரம் கிடைக்கும் என்றேன். “அவை எப்ப இஞ்ச வருவினம்?” என்று கேட்டார். வேலை நிரந்தரமானால் என்றேன். அதையெல்லாம் ஏன் சொன்னேனோ தெரியாது. எட்டு மாதத்தில் என் பிள்ளையைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. இந்த ஆள் ஏன் கேட்டார்? இப்போது அவருக்கு என்னவெல்லாம் தெரியும்? என் வீட்டில் பாண் இல்லை. என் வேலை நிச்சயமில்லை. என்னை எதைக் காட்டி வளைக்கலாம் என்று அறிய விரும்புகிறவன் வேறு என்ன கேட்பான்? கொப்பியில் அதையும் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். என் வாயையே நான் திட்டிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு டின் வந்தது. நான் எரித்து நிறுத்தபோது, விற்கிறவர்கள் சொன்னதைவிடச் சாம்பல் நன்றாகக் கூடியிருந்தது. மேலாளரிடம் கொண்டுபோனேன். அந்த நிலக்கரிக் கம்பனி எங்கள் பெரிய வாடிக்கை.

“திரும்பச் செய்யும்,” என்றார்.

திரும்பச் செய்தேன். அதே சாம்பல். இன்னொரு முறை செய்யச் சொன்னார். கிண்ணத்தை மாற்றி, உலையை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தேன். அதே சாம்பல். ஜப்பானியர் இரண்டடி தள்ளி நின்று மூன்று முறையும் எழுதிக்கொண்டார். மேலாளர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அவரும் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன்.

இதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும், டிசம்பர் மாதம். மதியச் சாப்பாட்டை நான் மற்றவர்களோடு இருந்து சாப்பிடுவதில்லை. என் கறியைப் பற்றிப் பின்னால் பேசுவார்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். ஸ்டேஷனில் கிடக்கும் நீள மர வாங்கிலில் தனியாக இருந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். அன்று திரும்பி வந்து பார்த்தால் என் மேசையில், தராசுக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி. வெள்ளைத் தாளில் மடிப்புக் கலையாமல் சுற்றி, மேலே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கயிறு. அவருடைய பெயர்ச்சீட்டு கயிற்றுக்குள் செருகியிருந்தது.

நான் அதைத் திறக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து அதற்குள் தள்ளி மூடினேன். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இந்தப் பெட்டியின் பாஷை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஊரில் நான் வேலை செய்த கந்தோரில் எட்டு வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். காரியம் முடிந்த பிறகு ஒரு குலை இதரை வாழைப்பழம் வரும். மாம்பழக் காலத்தில் ஒரு கூடை கறுத்தக்கொழும்பான் வரும். ஒரு முறை காலைக் கட்டிய உயிர்ச் சேவல் ஒன்று வந்து, கோப்புகளுக்கு மேல் ஏறி நின்று கூவியது. கொண்டுவருகிறவர் “சும்மா, பிள்ளையளுக்கு” என்றுதான் சொல்லுவார். சும்மா கொண்டுவந்தவர் அடுத்த மாதம் வேறு ஒரு கோப்போடு வருவார். வாங்கியவர் அந்தக் கோப்பைத் தள்ளிவைக்க முடியாது. நான் வாங்காதவன். அதனால் அங்கே எனக்குக் கூட்டாளிகளும் இருக்கவில்லை.

சாம்பல் கணக்கு, வாங்குகிறவருக்குச் சாதகமாக வந்தது. மூன்று கிழமையில் வாங்குகிறவரின் ஆள் பெட்டி வைக்கிறார். என் பிள்ளைக்குப் பால்மா இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இதைவிடத் தெளிவான விஷயம் உலகத்தில் இருக்குமா? பெட்டி என் லாச்சிக்குள் இருப்பது தெரியவந்தால், நான் காசுக்குத்தான் அந்தச் சாம்பலைக் கூட்டினேன் என்றாகிவிடும். வேலை போகும். கடிதம் வராது. பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன். அந்த ஜப்பானியரையே கேட்டிருக்கலாம். அது என் மனதில் தோன்றவே இல்லை.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலாளரின் அறைக்குப் போனேன்.

அவர் பெயர்ச்சீட்டை எடுத்துப் படித்தார். பெட்டியை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இதை வேற ஆருக்கும் சொன்னீரோ?” என்று கேட்டார்.

“இல்லை, சேர்.”

“நல்லது. இஞ்ச இருந்து ஒரு பக்கம் எழுதித் தாரும். என்ன நடந்தது, எப்ப நடந்தது, எந்தக் கப்பலுக்குப் பிறகு நடந்தது, எல்லாம்.”

நான் அவருடைய கதிரைக்கு எதிர்க் கதிரையில் இருந்து எழுதினேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம். ஒரு காற்புள்ளி தவறாமல் எழுதினேன். பாண் வரிசைப் பேச்சையும் எழுதினேன். என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது, ஆனால் எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டபோது எனக்கு மனம் லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், பெருமையாகவே இருந்தது. அன்றைக்கு ரயிலில் ஒரு இருக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டு சாய்ந்து இருந்தேன்.

பெட்டியோடு சேர்ந்து என் ஒரு பக்கம் நிலக்கரிக் கம்பனிக்குப் போனது. அவர்கள் அதை ஜப்பானியக் கம்பனிக்கு அனுப்பினார்கள். நவம்பர்க் கப்பலின் பரிசோதனை தள்ளுபடியானது. விற்கிறவர்களின் கணக்கே நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று தரம் நிறுத்த அந்தச் சாம்பல், என் கையெழுத்தாலேயே பொய்யாகிப் போனது. ஜப்பானியரை ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று கிறிஸ்மஸ் கழிந்து வேலை தொடங்கிய அன்று கேள்விப்பட்டேன்.

தேத்தண்ணி அம்மா கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“பாவம் அந்த மனிசன். ஆரோ எழுதிக் குடுத்திட்டினமாம். இந்த முறை தந்த பிஸ்கட் போன வருசத்தை விட நல்லா இருந்தது.”

“உங்களுக்கும் தந்தவரோ?”

“ஓம், எல்லாருக்கும்தானே. அண்டைக்குச் சாப்பாட்டு நேரமே எல்லாரும் கொண்டுபோய் உடைச்சுச் சாப்பிட்டம். நாலு வருசமா டிசம்பர் வந்தால் எல்லாற்ற மேசையிலயும் ஒண்டு வைப்பார். கேற்றில நிக்கிற ஆளுக்கும் குடுப்பார். கிறிஸ்மஸுக்கு எண்டு நாங்கள் நினைச்சம். உமக்கு வைக்கேல்லையோ?”

நான் ஏதோ முணுமுணுத்தேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை. அவர்கள் நாட்டில் ஆண்டு முடியும்போது, அந்த வருடம் தம்மோடு வேலையில் கைகொடுத்த எல்லாருக்கும் இப்படி ஒரு பொதி கொடுப்பது வழக்கமாம். கொடுக்காவிட்டால்தான் குறை. இதைப் பல வருடம் கழித்து எங்கோ படித்தேன். ஆனால் அன்றைக்கே, அந்த அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போன கையோடு, எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளைக்காரருக்கு அது கிறிஸ்மஸ். ஜப்பானியருக்கு அது நன்றி. அந்தக் கட்டடம் முழுவதிலும் அதைக் கைலஞ்சம் என்று கண்டது, எட்டு வருடம் வாழைக்குலை பார்த்துப் பழகிய என் கண் ஒன்றுதான்.

ஜனவரியில் அவர் விடைபெற வந்தார். கூடவே அவர் இடத்துக்கு வந்த புதியவர். ஒவ்வொரு மேசையாக நின்று குனிந்தார். என் மேசைக்கு வந்தபோது நான் எழும்பினேன்.

“என்னால உங்களுக்குக் கரைச்சல் வந்திட்டுது. நீங்கள் புதுசா வந்த ஆள். நான் முதல் சொல்லிப்போட்டு வைச்சிருக்க வேணும். மன்னிக்க வேணும்.”

என் ஒரு பக்கத்தை அவருக்குக் காட்டியிருப்பார்கள். பாண் வரிசை வரையில் படித்திருப்பார். அப்படிப் படித்துவிட்டு இந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான்தான் கேட்கவேண்டும் என்று என் தொண்டைவரை வந்தது. மேலாளரின் அறைக் கதவு திறந்திருந்தது. “பரவாயில்லை,” என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. பரவாயில்லையாம். ஐம்பது வருடமாக அந்தச் சொல்லை நினைத்து நினைத்து வெட்கப்படுகிறேன்.

“உங்கட ஆக்கள் கெதியா வரட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் குனிந்தார். இந்த முறை அளந்து பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மேலாளரிடம் போய், சேர், நான் பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டேன், அவர் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார், அதை அவருடைய கம்பனிக்கு எழுதிவிடுங்கள் என்று சொல்லுவது என்று முடிவெடுத்தேன். ரயிலில் அந்த வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். நான் போவதற்கு முன்னம் அவரே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“கதவைச் சாத்தும். இரும்.”

மேசையில் தட்டச்சுச் செய்த ஒரு கடிதம் இருந்தது. தலைகீழாகவே படித்துவிட்டேன். என் வேலை நிரந்தரம். நேர்மையான ஊழியர். குடும்பத்தை அழைக்க எங்கள் முழு ஆதரவு உண்டு. அவர் முத்திரையை எடுப்பதற்காகப் பின்னாலிருந்த அலுமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் வெள்ளைத் தாளில் சுற்றிய பெட்டி ஒன்று, அதே சிவப்பு வெள்ளைக் கயிறு. பக்கத்தில் அதேபோல, தாள் பழுப்பேறிய இன்னும் மூன்று. நாலும் திறக்காதவை. நாலு டிசம்பர்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வருடமும் வாங்கி, திறக்காமல், எறியாமல், அடுக்கி வைத்திருக்கிறார். யாராவது ஒருவன் ஒரு பெட்டியோடு வந்து எதிரே நிற்கும்வரை காத்திருந்திருக்கிறார். அந்த ஒருவன் நான்.

அவர் திரும்பியபோது என் கண் எங்கே இருந்தது என்று பார்த்தார். அலுமாரியை அவசரப்படாமல் மூடினார்.

“வேற ஏதும் சொல்ல இருக்கோ?”

பேனா மூடியைக் கழற்றியிருந்தார். கையெழுத்து இன்னும் விழவில்லை. பாடமாக்கிய வசனம் முழுவதும் ஒரு சொல் பிசகாமல் என் வாய்க்குள் இருந்தது. என் மகளின் முகத்தை நினைக்கப் பார்த்தேன். படத்தில் இருக்கும் முகம்தான் வந்தது.

“இல்லை, சேர்.”

அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஈரம் காய ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

சித்திரையில் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். மகள் என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். சாமான்களை அவிழ்த்து முடிந்து ஆறுதலாக இருந்தபோது மனைவி கேட்டாள்.

“மற்ற ஆக்களுக்கு எல்லாம் வருசக்கணக்கா இழுபடுது. உங்களுக்கு மட்டும் என்னெண்டு இவ்வளவு கெதியா கடிதம் தந்தவை?”

நான் கதையில் பாதியைச் சொன்னேன். ஜப்பானியர் ஒருவர் பெட்டி வைத்தார், நான் தொடவில்லை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாண் வரிசையில் நின்ற நாட்களில், இந்த மனிதன் அங்கே போய் மாறிப்போயிருப்பானோ என்று தான் பயந்ததாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கலியாண வீட்டில் சொல்லியிருக்கிறாள், கோயில் அன்னதானத்தில் சொல்லியிருக்கிறாள், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களுக்கும் சொன்னாள். “இவர் கை நீட்டாத மனிசன். பசியில கிடக்கேக்கயும் நீட்டேல்லை.” எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இதுவரை அவளைத் திருத்தியதில்லை. திருத்தப் போனால், அவளும் பிள்ளையும் இந்த நாட்டுக்குள் என்ன செய்து வாங்கிய கடிதத்தைக் காட்டி வந்தார்கள் என்பதையும் அவளுக்குச் சொல்லவேண்டி வரும்.